எல்லையோரத்துத் தமிழ்: சுந்தர ராமசாமியின் வாழ்வும் எழுத்தும்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை வகுத்த பழைய இலக்கணப் பாயிரம், வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் சுட்டிக்காட்டிவிட்டு அத்துடன் அமைந்துவிட்டது. அவ்விரண்டு முனைகளிலும் குடியிருப்பவர்கள் வீட்டுக்குள் எம்மொழியில் பேசிக்கொண்டார்கள், சந்தையில் எம்மொழியில் விலை கேட்டார்கள், கோபம் தலைக்கேறினால் எம்மொழியில் ஏசினார்கள் என்ற விவகாரங்களில் அது தலையிடவில்லை. ஆரணியாற்றங்கரையிலுள்ள எங்கள் ஊத்துக்கோட்டையில் அந்த விவகாரம்தான் அன்றாட வாழ்க்கை. நாகலாபுரம் சாலையில் சற்றுத் தூரம் சென்றால் ஆந்திர எல்லை. பள்ளிகொண்ட கோலத்தில் ஈசன் காட்சி தரும் சுருட்டப்பள்ளிக்குப் பிரதோஷத்தன்று போகிறவர்கள் மாநில எல்லையைத் தாண்டியதாக நினைப்பதுகூட இல்லை. சென்னைக்குக் குடிக்கக் கிருஷ்ணா நீர் வருவதும் இவ்வழியேதான். கண்டலேற்றிலிருந்து நெடுந்தூரம் தெலுங்கு பேசும் ஊர்களின் ஓரமாக வந்த கால்வாய், எங்கள் ஊரருகே தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து பூண்டி ஏரிக்குச் செல்கிறது. பாட்டி தெலுங்கிலும் பேத்தி தமிழிலும் சண்டையிட்டுக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் பரிபூரணமாகப் புரிந்துகொள்ளும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இப்போதோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளுக்கு வந்து சேர்ந்த ஒடிசா, பீகார் இளைஞர்களின் பேச்சும் தேநீர்க்கடை பெஞ்சுகளில் கலந்துவிட்டது.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, தமிழின் மறுமுனையாகிய நாஞ்சில் நாட்டிலிருந்து எழுந்த ஒரு பெரிய எழுத்தாளரைப் பற்றிச் சிந்திப்பதில் தனிச் சுவை உண்டு. நாவலாசிரியராகச் சுந்தர ராமசாமி என்றும், கவிஞராகப் பசுவய்யா என்றும் இரண்டு பெயர்களில் வாழ்ந்து, 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்த அவர், தாய்மொழியாகிய தமிழை எழுதப் படிக்கத் தம் பதினெட்டாவது வயதில்தான் கற்றுக்கொண்டார். இந்த ஒரு செய்தி அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் அனைத்திலும் வியப்புக்குரிய தகவலாக இடம்பெற்றுவிட்டு, அடுத்த வரியிலேயே மறக்கப்பட்டு விடுகிறது. அவருடைய உரைநடையின் நிதானத்துக்கும், கவிதையின் உலர்ந்த பரிகாசத்துக்கும், குறைவாக எழுதிய அவருடைய பிடிவாதத்துக்கும் மூலகாரணம் அதுவே என்பது என் அபிப்பிராயம். பிறவியிலேயே கிடைத்த உடைமையை மனிதன் தாராளமாகச் செலவிடுகிறான். வளர்ந்த பிறகு தன் முயற்சியால் ஈட்டியதைக் கணக்குப் பார்த்தே எடுக்கிறான்.

அவர் பிறந்தது 1931-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள். ஊர், நாகர்கோவிலைச் சேர்ந்த தழுவிய மகாதேவர் கோவில். அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தது. இளமையின் முதற் பகுதி கோட்டயத்தில் கழிந்து, எட்டு வயதளவில் குடும்பம் நாகர்கோவிலுக்குத் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிடைத்தவை மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். வீட்டில் தமிழ் பேசப்பட்டது, ஆனால் அது காதுக்கு மட்டுமே சொந்தமான தமிழ். பத்து வயதில் வந்த மூட்டு வாத நோய் அவரைப் படுக்கையில் கிடத்தியது. ஓடியாட வேண்டிய பருவத்தில் ஜன்னல் வழியே உலகத்தைக் கவனிக்கும் பழக்கம் ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். கல்லூரி வாசலை அவர் மிதிக்கவில்லை.

தமிழ் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய அந்த இளைஞனுக்கு வாய்த்த முதல் பெரிய ஆசான் புதுமைப்பித்தன். ஆனால் குரு அதற்குள் உலகைவிட்டுப் போய்விட்டார். 1948-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகள், செத்த மொழிநடையை உலுக்கி எழுப்பும் வல்லமை படைத்தவை. அவற்றைத் தமிழின் நெடுங்கணக்கோடு சேர்த்தே கற்றுக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1951-இல், இருபது வயதில், புதுமைப்பித்தன் நினைவு மலர் ஒன்றைத் தாமே முன்னின்று தொகுத்து வெளியிட்டார். அவருடைய முதல் கதையும் அம்மலரிலேயே வந்தது. எழுத்தறிவு பெற்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மலர் தொகுக்கும் துணிவு இளமைக்கே உரிய அசட்டுத் தைரியம் என்று நினைக்கலாம். அந்தத் தைரியம் இல்லாதிருந்தால் நமக்கு இந்த எழுத்தாளர் கிடைத்திருக்க மாட்டார்.

அக்காலத்து நாகர்கோவிலில் படித்த வாலிபனைச் சிவப்பு வண்ணம் ஈர்க்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். அருகிலுள்ள பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தத்தின் குரல் அவரைக் கட்டிப்போட்டது. ரகுநாதன் நடத்திய சாந்தி, விஜயபாஸ்கரன் நடத்திய சரஸ்வதி ஆகிய முற்போக்கு இதழ்களில் அவர் கதைகள் வரலாயின. சாந்தி நடத்திய போட்டியில் ‘தண்ணீர்’ என்ற கதை பரிசு பெற்றது. ஸ்டாலின் காலத்துச் செய்திகள் 1956-க்குப் பின் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது, அரசியல் நம்பிக்கை தளர்ந்து அவர் மெல்ல விலகினார். எனினும் 1963-இல் ஜீவா மறைந்தபோது எழுதிய ‘காற்றில் கலந்த பேரோசை’ என்னும் கட்டுரையில் கசப்பின் நிழல் துளியும் இல்லை. கொள்கையை விட்டு வந்தவர்கள் பழைய தோழர்களைப் பற்றி எழுதுகையில் ஏளனமோ மன்னிப்புக் கோரலோ தலைகாட்டுவது வழக்கம். இவர் மேடையில் நின்ற ஒரு மனிதனின் உடலசைவையும் குரலேற்றத்தையும் வெள்ளை மனத்தையும் வரைந்து காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். தமிழில் எழுதப்பட்ட இரங்கற் கட்டுரைகளில் அதற்கு நிகரானவை சொற்பம்.

மலையாளத்தை அவர் உதறிவிடவில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ அவர் மொழிபெயர்ப்பில் சரஸ்வதியில் தொடராக வந்து, நூலுருவம் பெறப் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தது. ‘செம்மீன்’ 1962-இல் சாகித்திய அகாதெமியின் வெளியீடாக வந்து, தமிழ் வாசகர்கள் கடற்கரை வாழ்வைக் காண ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஆலப்புழையின் மலம் அள்ளும் தொழிலாளர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடரும் முதல் நாவலை, இலக்கியத்தில் கால் வைத்த புதிதிலேயே மொழிபெயர்க்கத் தேர்ந்தெடுத்த ஒருவரின் மனச்சாய்வு எத்தகையது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய இறுதி நாட்களில் எழுந்த சர்ச்சையை ஆராயும்போது இது உபயோகப்படும்.

பிழைப்புக்கு ஜவுளி வியாபாரம். நாகர்கோவிலில் ‘சுதர்சன்’ என்ற கடை. எழுத்தாளன் என்றால் பத்திரிகை அலுவலகமோ அரசாங்க உத்தியோகமோ ஆசிரியப் பணியோ என்று பழகிப்போன தமிழ்நாட்டில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து ஒரு முழு வாழ்க்கையை நடத்தியவர் இவர். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த குடும்பத்தின் முகங்களில் மாறி மாறித் தோன்றும் ஆசையும், கணக்கும், பொறாமையும், கடைசியில் விலைச்சீட்டைப் பார்த்ததும் வரும் திடீர் வைராக்கியமும் கல்லாவில் இருப்பவருக்குக் கட்டணமில்லாமல் காணக் கிடைக்கும் நாடகம். ‘விகாசம்’ என்னும் கதை அந்தக் கடையுலகத்திலிருந்தே வந்தது. பார்வையற்ற ராவுத்தர் ஒருவர் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, எத்தனை துணி எத்தனை விலை என்று காதில் விழுந்த மாத்திரத்தில் மனக்கணக்காகவே பில் தொகையைச் சொல்லிவிடுகிறார். முதலாளியின் மகன் ஒருநாள் கால்குலேட்டரைக் கொண்டுவந்து வைத்ததும் அவருடைய அபார வித்தை ஒரு நொடியில் செல்லாக்காசாகிறது. சாதாரணக் கதாசிரியர் அந்த இடத்தில் ராவுத்தரை வீட்டுக்கு அனுப்பி நம்மை அழவைத்திருப்பார். சுந்தர ராமசாமியின் ராவுத்தரோ கடையின் இருப்பு, நிலுவை, யார் யாருக்கு எப்போது என்ன அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்துக்கொடுத்து, கணக்குக்காரர் என்ற பழைய நிலையிலிருந்து நிர்வாகியாக உயர்ந்துவிடுகிறார். இயந்திரம் வந்தால் மனிதன் அழிவான் என்றும், இயந்திரமே மோட்சம் என்றும் இரண்டு கட்சி கட்டிப் பேசும் நமக்கு, இருபது பக்கத்துக்குள் மூன்றாவது வழியொன்றை அவர் காட்டிவிட்டார். புதிய இயந்திரம் ஒன்று இறங்கினால் எத்தனை பேரை நிறுத்துவார்கள் என்ற பேச்சு ஓயாத கும்மிடிப்பூண்டிப் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளில் வாசிக்கக் கொடுக்கத் தகுந்த கதை இது.

1966-இல் புத்தகமாக வந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’ சரஸ்வதியில் தொடராகத் தொடங்கி, பத்திரிகை நின்றதால் பாதியில் விடப்பட்டுப் பின்னர் முழுமை பெற்றது. நாவல் என்றால் ஒரு நாயகனும் நாயகியும், அவர்களைப் பிரிக்க ஒரு வில்லனும் வேண்டுமென்ற நியதி நிலவிய காலத்தில், முச்சந்தியில் நிற்கும் ஒரு மரத்தை நடுவில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி ஊரைச் சுழலவிட்டார். மரத்தின் பழங்கதையைச் சொல்பவர் தாமோதர ஆசான். மகாராஜா வருவதை முன்னிட்டு மரத்தைச் சூழ்ந்திருந்த புளியங்குளம் மூடப்பட்ட கதையை அவர் வாயிலாகக் கேட்கையில், நாற்றமெடுத்த ஒரு குளம் நகரத்தின் முச்சந்தியாக மாறிய விந்தையில் மனம் லயித்துவிடுகிறது. ஆசான் நிஜம் எவ்வளவு சொன்னார், கட்டிச் சொன்னது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட வாலிபர்களுக்கும் அதைப் பிரித்தறிய வேண்டுமென்ற அவசியம் தோன்றவில்லை. பிறகு ஆசான் எங்கோ போய்விடுகிறார். தேசம் விடுதலை பெறுகிறது. காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டு நகராட்சிப் பூங்கா எழுகிறது. புளியமரத்து நிழலில் கடை வைத்தவர்களிடையே போட்டி மூள்கிறது, போட்டி தேர்தலாகிறது, தேர்தலுக்கு மரம் ஒரு கருவியாகிறது. வெட்ட வேண்டும் என்று ஒரு கட்சியும் காக்க வேண்டும் என்று மறுகட்சியும் வரிந்துகட்டுகின்றன. பத்திரிகை நிருபர் ஒருவரின் பேனா உபயத்தால் நேற்றுவரை புளி உலுக்கிய மரம் இன்று மஞ்சளும் குங்குமமும் பெற்றுத் தெய்வமாகிறது. கடைசியில் மரத்துக்கு நஞ்சூட்டப்படுகிறது.

மரம் எவருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை, எவருடைய சச்சரவிலும் பங்கு கொள்ளவில்லை என்பதை ஆசிரியர் சில இடங்களில் நினைவூட்டுகிறார், ஆனால் பிரலாபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிக் கொண்டுபோகிறார். எங்கள் பக்கத்தில் திருவள்ளூர்ச் சாலையிலும் பெரியபாளையம் சாலையிலும் புளியமர நிழலில் நடந்து பழகிய முதியவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் புளி உலுக்கும் உரிமையை ஏலம் விட்ட நாட்களை அவர்கள் கதையாகச் சொல்வார்கள். சாலை அகலப்படுத்தும்போது போன மரங்களைப் பற்றிக் கேட்டால், ‘லாரி போக வழி வேணுமே’ என்று நியாயமும் கூறுவார்கள். அந்த நியாயத்தை இகழாமலும், அதற்குத் தலைவணங்காமலும் எழுதப்பட்ட நாவல் இது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் இப்படி ஒரு நூல் வந்ததென்று பெருமைப்படுவோர் உண்டு. அந்தப் பெருமையைவிட, நகராட்சித் தேர்தலின் சில்லறைச் சூழ்ச்சிகளை இவ்வளவு துல்லியமாகவும் ஹாஸ்யமாகவும் தமிழில் வேறு யாரும் எழுதவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாவல் ஆங்கிலத்தில் மட்டுமின்றி ஹீப்ரு மொழியிலும் வந்திருக்கிறது. முச்சந்தியும் மரமும் வம்பு பேசும் ஆட்களும் இல்லாத நாடு எது?

எல்லையோரத்து மனிதன் என்ற என் பேச்சுக்கு இந்நாவலே சாட்சி. கதை நிகழும் ஊர் நாவலின் காலத்திலேயே ஓர் அரசிலிருந்து மற்றோர் அரசுக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. வடக்கே எங்கள் பக்கத்துக் கணக்கு தீர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் முடிவாக 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி இப்பக்கம் வந்தது. செங்கற்பட்டு மாவட்டக் கிராமங்கள் சில அப்பக்கம் போயின. மேடைகளில் மொழியுணர்ச்சி பொங்கி வழிந்த அந்தப் பத்தாண்டுகளில், தெற்கெல்லையிலிருந்த இந்த எழுத்தாளர் மொழியைப் பற்றி ஓர் ஆவேச வாக்கியமும் எழுதாமல், மலையாளத்திலிருந்து தமிழுக்கு நூல்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். எல்லையைக் கோடாகப் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. அங்கே குடியிருப்பவனுக்கு அது சந்தை கூடும் இடம்.

பசுவய்யாவின் கதை வேறு. சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார்; அவ்வாண்டிலேயே ‘உன் கை நகம்’ என்ற கவிதையோடு பசுவய்யா அதில் பிரவேசித்தார். யாப்பை விட்ட கவிதைக்கு இடங்கொடுத்த அப்பத்திரிகையைப் புலவர்கள் கண்டித்தும் பத்திரிகையுலகம் பரிகசித்தும் வந்த நேரம் அது. ந.பிச்சமூர்த்தியின் வேதாந்தச் சாயலோ, பிரமிளின் படிமப் பிரவாகமோ பசுவய்யாவிடம் இல்லை. நகம், கதவு, நாய், காகம் என்று கைக்கெட்டும் வஸ்துக்களை எடுத்துக்கொண்டு, உபதேசம் செய்பவனின் தோரணையைப் போலி செய்து, உபதேசத்தையே கவிழ்த்துவிடுவது அவர் பாணி. ‘நடுநிசி நாய்கள்’ 1975-இல் வந்தது. ‘யாரோ ஒருவனுக்காக’ 1987-இல். 1996-இல் எல்லாவற்றையும் சேர்த்து ‘107 கவிதைகள்’. நாற்பதாண்டுக் கவிதை வாழ்வின் விளைச்சலுக்கு ஒரு நூற்றேழு! மாதத்துக்கு ஒரு தொகுதி வெளியிடும் நம் நண்பர்களுக்கு இந்த எண்ணை எழுதி மேஜைமேல் ஒட்டிக்கொள்ளச் சொல்லலாம் என்ற ஆசை எனக்கு உண்டு.

அவர் கவிதைகளில் இசை குறைவென்று சிலர் குறைப்பட்டதுண்டு. அது நியாயமான குறையே. செவிக்கு இனிமையாக ஓதத்தக்க வரிகளை அவரிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்; ஆழ்வார் பாசுரமும் கம்பனும் குழந்தைப் பருவத்திலேயே காதில் விழுந்து ஊறியவர்களுக்கு இயல்பாக வரும் சந்த மயக்கம், பதினெட்டு வயதில் அரிச்சுவடி பிடித்தவருக்கு வரவில்லை. ஆனால் அந்தக் குறையே அவருக்குக் காவலாகவும் அமைந்தது. ஓசையின் தயவில் பொருளை நழுவவிடும் சௌகரியம் அவருக்கு இல்லாமையால், ஒவ்வொரு வரியும் தன் பொருளால் மட்டுமே நிற்க வேண்டியதாயிற்று. துணிக்கடைக்காரர் முழக்கோலை வைத்து அளந்து, இழைக்கு நேராகக் கத்தரிப்பதைப் போல் அவர் வாக்கியங்களை அளந்து கத்தரித்தார். விளிம்பில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. சில வேளைகளில் ஒரு நூல் தொங்கினால் நன்றாயிருக்குமே என்று நமக்குத் தோன்றுகிறது.

1981-இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து பல்லாண்டுகள் வாதிட்டார்கள். வாதம் இன்றும் முற்றிலும் ஓயவில்லை. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் 1960-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், அதாவது பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள், இளவயதில் இறந்துபோனதாக நாவல் தொடங்குகிறது. பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் அவனைப் பற்றித் தேடிச் சேகரித்த செய்திகள் முற்பகுதி, ஜே.ஜே.யின் நாட்குறிப்புகளிலிருந்து பாலு தேர்ந்தெடுத்தவை பிற்பகுதி. அப்படி ஒரு மலையாள எழுத்தாளன் இருந்ததே இல்லை. நாடகாசிரியர் சி.ஜே.தாமஸின் சாயல் அவனிடம் உண்டென்று பலர் கூறினர். சாயல் இருந்தாலும் ஆள் கற்பனைதான்.

இங்கேதான் எல்லைப்புறத்தவனின் தந்திரம் தெரிகிறது. தமிழ் இலக்கிய உலகத்தை நேரடியாக விமரிசித்தால் அது சொந்தக்காரர் சண்டையாகிவிடும். ஆகையால் மலைக்கு அப்பாலிருந்து ஒரு அந்நியனை வரவழைத்து, அவன் கண்களை இரவல் வாங்கி நம்மை நாமே பார்க்கும்படி செய்தார். முதல் சந்திப்பிலேயே கல்கியின் சிவகாமியுடைய சபதத்தைப் பற்றி ஜே.ஜே. நையாண்டியாக விசாரிக்கும்போது, அந்தக் கதாநாயகியின்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்குச் சுருக்கென்றது. மலையாளத்து ஆசாமிகளும் தப்பவில்லை. முற்போக்கு எழுத்தாளராகிய முல்லைக்கல் மாதவன் நாயர் என்ற பாத்திரம், நல்லெண்ணம் மிகுந்த ஒரு மனிதர் மேலோட்டமான இலக்கியம் படைப்பது எங்ஙனம் என்பதற்கு உதாரணமாகவே நிறுத்தப்பட்டிருக்கிறார். அவரை வரைகையில் ஆசிரியர் தம்முடைய பழைய இடதுசாரி இளமையையும் நினைத்திருக்க வேண்டும்; அதனாலேயே கேலியில் பாசம் கலந்திருக்கிறது.

கதையே இல்லாத நாவல் என்றும், மேற்கத்திய அறிவுஜீவிப் பாவனை என்றும், நாவலாசிரியர் தம் அபிப்பிராயங்களை ஒரு பொம்மையின் வாயில் போட்டுப் பேசவைத்தார் என்றும் கண்டனங்கள் எழுந்தன. இறுதியாகச் சொன்ன கண்டனத்தில் ஓரளவு உண்மை உண்டு. நாட்குறிப்புப் பகுதியில் சில பக்கங்கள் பொன்மொழித் தொகுப்பாகக் குறுகிவிடுகின்றன. சிந்தனையின் சூடு குறைந்து, சிந்தனையாளன் என்ற வேஷம் மேலோங்குகிறது. ஆயினும் எண்பதுகளில் இருபது வயதிலிருந்த இலக்கிய வாசகர்களிடம் இந்நூல் செய்த வேலையை வேறெந்தத் தமிழ் நூலும் செய்ததாகத் தெரியவில்லை. கடிதங்களில், சிறுபத்திரிகைக் கட்டுரைகளில், தேநீர்க்கடைத் தர்க்கங்களில் ஜே.ஜே.யின் நடை தொற்றுநோயாகப் பரவியது. அந்த நடையை விட்டு வெளியே வருவதற்கே பலருக்குப் பத்தாண்டு பிடித்தது.

1988-இல் ‘காலச்சுவடு’ என்ற இதழை அவர் தொடங்கினார். சில இதழ்களுக்குப் பின் நின்றுபோன அதனை 1994-இல் மகன் கண்ணன் மறுபடி தொடங்கினார். பதிப்பகமாகவும் அது கிளைத்தது. ஆனால் அவருடைய நிஜமான பத்திரிகை, ‘சுந்தர விலாஸ்’ என்னும் அவர் வீட்டு மாடியும் முற்றமும்தான். கிருஷ்ணன் நம்பி முதலிய நண்பர்கள் தொடங்கி, பின்னாளில் எழுதப் புகுந்த இளைஞர்கள் வரை அங்கே வந்து நாள் கணக்கில் தங்கிப் பேசிப் போனார்கள். வந்தவர்களுள் ஒருவராகிய ஜெயமோகன் பின்னர் அவரோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்தவர். ஆனாலும் சுந்தர ராமசாமி மறைந்தவுடன் ‘நினைவின் நதியில்’ என்று ஒரு நூல் முழுவதையும் அவருக்காக எழுதினார். துணைவியார் கமலா ராமசாமியும் தம் நினைவுகளை ‘நெஞ்சில் ஒளிரும் சுடர்’ என்ற நூலாக்கியிருக்கிறார். எழுத்தாளரின் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபியும் சாப்பாடும் போட்டவர் யார் என்ற கேள்வியை இலக்கிய வரலாறுகள் எழுப்புவதில்லை. அந்த நூல் எழுப்புகிறது. சுந்தர ராமசாமியும் தம் முன்னோடிகளையும் சமகாலத்தவர்களையும் பற்றி, க.நா.சு., செல்லப்பா, பிரமிள், ஜி.நாகராஜன் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் ‘நினைவோடை’ வரிசையில் நினைவுகூர்ந்தார். அவற்றில் பல சித்திரங்கள் அவருடைய சிறுகதைகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

மூன்றாவது நாவல் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ 1998-இல் வந்தது. தலைப்பின் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆண்கள் கடைசியில்தான் வருகிறார்கள். 1937 முதல் 1939 வரையிலான கோட்டயத்தில், தமிழ்ப் பிராமணக் குடும்பமொன்றில், எஸ்.ஆர்.எஸ். என்ற கண்டிப்பான தந்தையின் நிழலில் அஞ்சி வளரும் சிறுவன் பாலுவும், நோயாளித் தாய் லட்சுமியும், விதவையான இளம்பெண் ஆனந்தமும் நிறைந்த பெரிய நாவல். உலக யுத்தம் நெருங்கும் ஓசை தொலைவில் கேட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்குள் தந்தையின் செருப்போசைக்கு மகன் நடுங்குவதே பெரிய யுத்தமாக விவரிக்கப்படுகிறது. ஜே.ஜே.யின் வீச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் இதை மந்தமென்று ஒதுக்கினார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. தமிழ் எழுதத் தெரியாத அந்தப் பிள்ளைப் பருவத்துக்கு, தமிழில் அரைநூற்றாண்டு எழுதித் தேர்ந்த கை திரும்பிச் சென்று எழுதிய நூல் அது. முந்தைய இரண்டு நாவல்களிலும் அவர் விட்டுக்கொடுக்காத அதீத ஜாக்கிரதையை இதில்தான் தளர்த்தினார். விளிம்பில் நூல் தொங்க இடங்கொடுத்தார்.

சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கடைசிவரை அளிக்கப்படவில்லை. குமாரன் ஆசான் நினைவு விருது 1988-இல் வந்தது; கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தன் முதல் இயல் விருதை 2001-ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கியது. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

2005-இல் வெளிவந்த ‘பிள்ளை கெடுத்தாள் விளை’ என்ற கதை, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்ணை இழிவாகச் சித்திரிக்கிறதென்று தலித் எழுத்தாளர்களும் விமரிசகர்களும் கடுமையாக எதிர்த்தனர். ஆதரித்தவர்கள் ‘தோட்டியின் மகன்’ முதலாகத் தொடர்ந்துவரும் அவருடைய சார்பை எடுத்துக்காட்டினார்கள். ஐம்பதாண்டுக்கு முன் செய்த நற்செயலைச் சான்றாகக் காட்டி இன்று எழுதிய கதையைக் காப்பாற்ற முடியாது. கதை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற அளவுகோலை நமக்குக் கற்றுத் தந்தவரே அவர். அக்கதையைப் படித்துப் பார்க்கையில், கண்டனம் செய்தோரின் மனவேதனைக்கு ஆதாரம் இருக்கிறதென்றே நான் நினைக்கிறேன். அவ்வாதங்கள் சூடாக நடந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்காவில் பிள்ளைகளின் இருப்பிடத்துக்குச் சென்றிருந்த அவர் அங்கே காலமானார். வயது எழுபத்து நான்கு.

அவரைப் புதிதாகப் படிக்க விரும்பும் இளைஞர்கள் ‘எதிலிருந்து தொடங்குவது?’ என்று கேட்கிறார்கள். ஜே.ஜே.யிலிருந்து தொடங்க வேண்டாம். அதன் போதை மற்றவற்றைக் கெடுத்துவிடும். ‘பிரசாதம்’ என்ற சிறுகதையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் பிறந்தநாளுக்குப் பணம் தேடும் போலீஸ்காரர் ஒருவரும், அவரிடம் அகப்பட்டுக்கொண்ட கோவில் குருக்கள் ஒருவரும் தெருவில் நடத்தும் பேரம்தான் கதை. அடுத்து ‘ரத்னாபாயின் ஆங்கிலம்’. அதன் பிறகு புளியமரம். கவிதைகளை இவற்றினிடையே ஒன்றிரண்டாகப் படிக்க வேண்டும். நூற்றேழையும் ஒரே மூச்சில் படித்தால் பசுவய்யாவே கோபித்துக்கொள்வார். மலையாளமோ தெலுங்கோ வீட்டிலும் தமிழ் பள்ளியிலுமாக வளர்ந்த வாசகர் எவராவது இருந்தால், அவர் மட்டும் இந்த வரிசையை மீறி, கோட்டயத்து நாவலை முதலிலேயே எடுத்துக்கொள்ளலாம்.